பெரு நாட்டு வடகரை: சிபான் கல்லறைப் பொக்கிஷம், தூக்குமே பிரமிடுகள் – பெரியவர்களோடு 4 நாள் போதுமா?

கானாடுகாத்தான் பயணி (கேள்வி)

வணக்கம். செப்டம்பரில் அப்பச்சி, ஆத்தா இருவரையும் கூட்டிக்கொண்டு பெரு போகிறோம். மச்சு பிச்சு பற்றி வேண்டிய மட்டும் படித்தாயிற்று. இன்காக்களுக்கு முந்தைய மோச்சே, லம்பாயெகே மக்களின் பிரமிடுகளையும், சிபான் அரசனின் கல்லறையில் கிடைத்த நகைகள் இருக்கிற அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும் என்பது அப்பச்சியின் ஆசை. சிக்லாயோ ஊரில் தங்க 4 நாள் ஒதுக்கியிருக்கிறோம். கேட்க வேண்டியவை:

எதை முதலில், எதைப் பிறகு பார்ப்பது? மூன்று நான்கு அருங்காட்சியகங்களின் பெயர் அடிபடுகிறது, எதை விடலாம்? அப்பச்சிக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, ஏற்றம் அதிகமா? ஆத்தா சைவம். இன்னொன்று, படங்களில் பிரமிடு எல்லாம் மழையில் கரைந்த மண்மேடு மாதிரி தெரிகிறது. அத்தனை தூரம் போய்ப் பார்க்கும்படி இருக்குமா?

பள்ளத்தூர் ஏடு

தம்பி, 4 நாள் தாராளம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: தோண்டிய இடம் முதலில், நகை பிறகு. பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் நேரே அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகு குழியைக் காட்டும். தங்கத்தைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் மண் பிடிக்காது.

சிக்லாயோவிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் சிபான் கிராமம். அங்கே இருப்பது வாக்கா ரஹாதா. வாக்கா என்றால் புனித இடம். அந்த வட்டாரத்தில் பழைய மண் கோபுரங்களுக்கெல்லாம் அதுதான் பெயர். வண்டியை விட்டு இறங்கியதும் எதிரே தெரிகிற இரண்டு பெரிய மேடுகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. அரசனின் கல்லறை அந்த இரண்டிலும் இல்லை. பக்கத்தில் தாழ்வாக, மேடை போலக் கிடக்கிறதே, அதற்குள்தான் இருந்தது. குழிகளைத் திறந்தபடியே வைத்து, எலும்பு, பானை, சவப்பெட்டி எல்லாம் கிடந்த கிடப்பில் மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். அசல் பொருள்கள் லம்பாயெகே ஊரில் இருக்கின்றன. இங்கேயே 2009-இல் திறந்த சிறு அருங்காட்சியகமும் உண்டு, அதற்கு அரை மணி போதும்.

1987 பிப்ரவரியில் திருடர்கள் இந்த மேடையைக் குடைந்து ஒரு கல்லறையைக் காலி செய்தார்கள். அதன் பிறகுதான் பெரு தொல்லியலாளர் வால்டர் ஆல்வா தலைமையில் முறையான அகழாய்வு நடந்து, கை படாத கல்லறை கிடைத்தது. திருடியதிலும் நகைகள் இருந்தன. ஒரு தங்க இடுப்புக் கவசம் அமெரிக்கா வரைக்கும் போய், 1997-இல் காவல்துறையிடம் பிடிபட்டு பெருவுக்குத் திரும்பியது. பொருள் வந்துவிட்டது, அது யார் உடம்பில், எந்தப் பக்கம், எதற்கு மேலே கிடந்தது என்பது வரவில்லை, இனி வரவும் வராது. ஆல்வாவின் குழியில் அந்தக் கணக்கு முழுசாக இருக்கிறது. நடுவில் அரசன், செப்புப் பட்டையால் கட்டிய பலகைப் பெட்டியில். சுற்றிலும் பெண்கள், வீரர்கள், ஒரு சிறுவன், நாய். அவர்களுக்கு மேலே பாதம் இல்லாத ஒரு காவலாள். அவன் எழுந்து போய்விடக்கூடாது என்றுதான் பாதத்தை எடுத்தார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். குழி விளிம்பில் நின்று, யார் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறார்கள் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தில் அது அப்படியே கைகொடுக்கும்.

லம்பாயெகே, சிக்லாயோவுக்கு வடக்கே 12 கிலோமீட்டர். அரச கல்லறை அருங்காட்சியகம் 2002-இல் திறந்தது, கட்டடமே மோச்சே பிரமிடு வடிவம். நீண்ட சாய்வுப் பாதையில் ஏறி மேல்தளத்தில் நுழைந்து, தோண்டிக்கொண்டு போகிற மாதிரி தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். அரசனின் எலும்புகளும் அங்கேதான் இருக்கின்றன. சாய்வு மெதுவானது, அப்பச்சி நின்று நின்று ஏறலாம். உள்ளே வெளிச்சம் குறைவு, தரையைப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கைபேசி, கேமரா, பை மூன்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம்" என்று போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விளக்க அட்டைகளில் ஸ்பானிஷ்தான் அதிகம். வாசலில் ஆங்கிலம் பேசும் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு துண்டுத் தாளில் இதை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்: ஓரோ – தங்கம், பிளாத்தா – வெள்ளி, கோப்ரே – செம்பு, தும்பா – கல்லறை, ஒரெஹேரா – காதணி, நரிகேரா – மூக்கணி, கொயார் – கழுத்துமாலை. இந்த ஏழு சொல் தெரிந்தால் முக்கால்வாசி அட்டை புரியும். படிக்கிற கண்ணாடியைப் பையோடு கொடுத்துவிட வேண்டாம்.

திங்கட்கிழமை இது பூட்டு. உங்கள் 4 நாளில் திங்கள் வந்தால் அதைப் பயண நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை சுண்ணாம்பு

மண்மேடு மாதிரி தெரிகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் சொல்கிறேன். தெரிந்துகொண்டு போனால் அந்த மேடு வேறு மாதிரி தெரியும்.

அவை சுடாத செங்கல். களிமண்ணை அச்சில் அடித்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல். அந்தக் கரை பாலைவனம், மழை அநேகமாகக் கிடையாது, அதனால் பச்சைக்கல் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல் சூடேறி எல் நினோ வரும். அப்போது பாலைவனத்தில் பேய்மழை. 1982-83, 1997-98, பிறகு 2017 எல்லாம் அப்படித்தான். உச்சியில் விழுந்த தண்ணீர் ஒரு விரிசலைப் பிடித்து இறங்கும், அடுத்த மழை அதே தடத்தை அகலமாக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை வரிவரியாகத் தெரியும் பள்ளங்கள் இந்த ஓடைத் தடங்கள்தான். நம் பக்கத்து வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூடிக் காப்பாற்றுகிறது. ஓடு உடைந்து நீர் உள்ளே இறங்கினால் அந்தச் சுவரும் வயிறு தள்ளும். அங்கே மேல்பூச்சும் வண்ணமும் உதிர்ந்துபோய், உள்கட்டு மட்டும் நிற்கிறது.

சரிந்த முகப்பு எங்காவது வந்தால் கிட்டே நின்று பாருங்கள். கற்கள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்பட்டிருக்காது. உயரமான தூண் தூணாக அடுக்கி, ஒரு தூணுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். நம் கொத்தனார் பார்த்தால் மூட்டு விலக்காமல் அடுக்கிவிட்டான் என்று சத்தம் போடுவார். அது பிழை அல்ல. ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு ஊர்க்காரர்களின் பங்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், ஏனென்றால் ஒரு தூணின் கற்களில் ஒரே அடையாளக் குறி வருகிறது: விரல் தடம், வட்டம், கோடு, பாதம். நிலநடுக்கத்தில் ஒரு தூண் அசைந்தாலும் பக்கத்துத் தூணைப் பிளக்காது என்ற பலனும் உண்டு.

இதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாளை மிச்சம் பிடித்து த்ருஹியோ போங்கள். சிக்லாயோவிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர், பேருந்தில் நாலு மணி நேரம். அங்கே சூரிய வாக்கா, நிலா வாக்கா இரண்டும் எதிரெதிரே. சூரிய வாக்காவுக்கு 13 கோடிக்கு மேல் பச்சைக்கல் ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஸ்பானியர்கள் தங்கத்துக்காக 1602-இல் மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டு அதைக் கரைத்தார்கள், பெரும்பகுதி போய்விட்டது. நிலா வாக்காவில் வேறு கதை. பழைய கோயிலை இடிக்காமல், பச்சைக்கல்லால் அடைத்து மூடி, அதன்மேல் அடுத்ததைக் கட்டினார்கள். மூடிய சுவரில் இருந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு வண்ணம் அப்படியே இருக்கிறது. கோரைப்பல் காட்டும் தெய்வத்தின் முகம் சாய்சதுரக் கட்டங்களுக்குள் வரிசையாக வரும். அங்கே வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

எந்த வாக்கா மீதும் பாதையை விட்டு ஏறாதீர்கள். ஒரு செருப்புத் தடம் அடுத்த மழைக்கு ஓடையின் தொடக்கம்.

பள்ளத்தூர் ஏடு

அண்ணன் சொன்னது தூக்குமேக்கும் பொருந்தும், அதையும் எழுதிவிடுகிறேன். சிக்லாயோவுக்கு வடக்கே 33 கிலோமீட்டர். லா ராயா என்ற மொட்டைப் பாறைக் குன்று, அதைச் சுற்றி 26 பிரமிடுகள். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010. அடுத்த நூறு ஆண்டுக்குள் லம்பாயெகே மக்கள் இங்கே கட்டத் தொடங்கிவிட்டார்கள். பிறகு தெற்கிலிருந்து வந்த சிமு அரசின் ஆட்சி, 1470 வாக்கில் இன்கா, அப்புறம் ஸ்பானியர். வாக்கா லார்கா என்பது மட்டும் 700 மீட்டர் நீளம், 280 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம். பக்கத்தில் நின்றால் இது கட்டடம் என்றே தோன்றாது. குன்றின்மேல் இருக்கிற பார்வை மேடையிலிருந்து பார்த்தால்தான் மதில், முற்றம், சாய்தளம் பிரிந்து தெரியும்.

அந்த மேடைக்குப் படி உண்டு, நிழல் இல்லை. முதல் மேடை வரை போனாலே முக்கால்வாசிக் காட்சி கிடைத்துவிடும், அதற்கு மேல் அப்பச்சி ஏற வேண்டியதில்லை. அதுவும் முடியாவிட்டால் வாக்கா லாஸ் பல்சாஸ் பக்கம் போகும் சமதளப் பாதை இருக்கிறது. நாணல் படகில் பறவைத்தலை மனிதர்கள் போவதாகச் சுவரில் புடைப்புச் சிற்பம். கட்டுமரத்தில் பசிபிக் கடலைக் கடந்த நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் இங்கே அகழாய்வு செய்ய வந்ததற்கும் கடலோடிகள் மீது அவருக்கிருந்த பிடிப்புக்கும் இந்தச் சுவர் பொருத்தமாக வாய்த்தது.

காலை 8 மணிக்கு அங்கே இருக்கப் பாருங்கள். பகல் ஏறினால் காற்று எழும்பி மணலை வாரி அடிக்கும். கயிறு வைத்த தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சிக்லாயோவிலிருந்து பங்கு வேனில் போனால் தூக்குமே ஊரில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பிரமிடுக்கு ஆட்டோ. அந்த ஆட்டோக்களில் நிறைய நம் பஜாஜ்தான், ஆத்தாவுக்கு ஏறி இறங்கப் பழக்கமான உயரம். மீட்டர் கிடையாது, ஏறும் முன் தொகையைத் தாளில் எழுதிக் காட்டிப் பேசிவிடுங்கள், சோல் என்கிற பெரு பணத்தில் சில்லறை வைத்திருங்கள்.

வழி நெடுக முள்மரக் காடு வரும். அல்காரோபோ. நம் சீமைக்கருவேலத்துக்கு நேர் பங்காளி, இலையும் காயும் பார்த்தாலே தெரியும். இங்கே நாம் வேரோடு பிடுங்க அலைகிறோம். அங்கே அதுதான் மண்ணின் மரம். அதன் காயைக் காய்ச்சிப் பாகு எடுத்துப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். போமாக் காட்டில் இந்த மரங்களுக்கு நடுவேதான் சிக்கான் காலத்துப் பிரமிடுகள். சிக்கான் என்பது லம்பாயெகே மக்களின் பண்பாட்டுக்கே இன்னொரு பெயர். கொசுவும் பொடி ஈயும் கடிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

காரைக்குடி நகைப்பட்டறை

நகை பற்றி யாரும் சொல்லவில்லையே. அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். மூன்று உருப்படி போதும், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நில்லுங்கள்.

முதலாவது, அரசனின் காதணி. உள்ளங்கைக்குள் அடங்கும் தங்க வட்டம், விளிம்பில் குண்டு குண்டாக மணி. நடுவில் கட்டைவிரல் உயரத்தில் முழு உருவமாக ஒரு வீரன், இரண்டு பக்கமும் பச்சைநீலக் கல்லைப் பதித்து இரு காவலர். அந்தக் குட்டி வீரனின் மூக்கில் தொங்குகிற பிறைவடிவ மூக்கணி தனி உருப்படி, ஆடும். கையில் இருக்கிற தண்டாயுதம் தனி, கழற்றலாம். கழுத்தில் ஆந்தைத்தலை மாலை, ஒவ்வொரு தலையும் ஊசிமுனை அளவு, ஒவ்வொன்றிலும் துளை போட்டுக் கோத்தது. இரும்பு உளி இல்லாத காலம் அது.

இரண்டாவது, நிலக்கடலை மாலை. கடலைத் தோட்டின் வரி, இடுப்புச் சுருக்கம் எல்லாம் அச்சாக வரும்படி தகட்டை உள்ளிருந்து தட்டி, இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது. வலப்பக்கம் 10 தங்கம், இடப்பக்கம் 10 வெள்ளி. வலம் தங்கம், இடம் வெள்ளி என்ற இந்த முறை அவருடைய மற்ற நகைகளிலும் திரும்பத் திரும்ப வரும், கவனியுங்கள். குழியில் கிடந்த கிடப்பைக் குறித்துவைத்ததால் தெரிந்த விஷயம் இது. கடலை, மிளகாய், தக்காளி எல்லாம் அந்தக் கண்டத்திலிருந்து நம் அடுப்படிக்கு வந்தவைதானே.

மூன்றாவது, கீழ்த்தளத்தில் 'மூத்த அரசர்' என்பவரின் சிலந்தி மாலை. 10 உருண்டை. வலை நடுவே சிலந்தி, அதன் முதுகில் மனித முகம். வலைக்கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பற்றவைத்திருக்கிறார்கள்.

பச்சை பிடித்த தகடுகளைக் கழிவு என்று தாண்டிப் போகாதீர்கள். அவை பொன்முலாம் பூசிய செம்பு. செம்பு துருவேறி வெளியே வந்து பொன்னை மூடிவிட்டது. ஒரு பகுதியை ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்கு அனுப்பித்தான் சுத்தம் செய்தார்கள். தங்கமும் செம்பும் கலந்த உலோகத்துக்கு வேறு வழி: அடித்து, சூடேற்றி, மேலே படிகிற செம்புக் கறையைப் புளிப்புச் சாற்றால் எடுத்து, மறுபடி அடித்து, மறுபடி சூடேற்றி. ஒவ்வொரு சுற்றிலும் மேல்பரப்பில் செம்பு குறையும், பொன் மிஞ்சும். மஞ்சளாகத் தெரிவதெல்லாம் ஆணித்தங்கம் இல்லை என்பது இதனால்தான்.

இந்த வேலையின் அடுத்த கட்டத்தைப் பார்க்க ஃபெரெஞாஃபே ஊரில் சிக்கான் அருங்காட்சியகம் இருக்கிறது. போமாக் காட்டு வாக்கா லோரோவில் தொல்லியலாளர் இசுமி ஷிமாதா 1991-92-இல் தோண்டிய கல்லறையின் பொருள்கள். தலைகீழாக வைத்த உடல், சிவப்புப் பூசிய பொன் முகமூடி. செப்பு உருக்கும் உலையை மாதிரியாகச் செய்து காட்டியிருப்பார்கள். விட வேண்டுமானால் லம்பாயெகேயில் உள்ள ப்ரூனிங் அருங்காட்சியகத்தை விடலாம், சிக்கானை விடவேண்டாம்.

நெற்குப்பை ஆச்சி

இடம் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் தாள்களையும் சாப்பாட்டையும் சொல்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சிக்லாயோ கடற்கரைப் பாலைவனம், அங்கே அந்தக் காய்ச்சல் கவலை இல்லை. சிக்கல் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து 6 நாளுக்குள் இங்கே இறங்கினால் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல், ஆகவே அப்பச்சியை முதலில் அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், விலக்குக் கடிதத்தை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். திரும்பும் வழியில் அந்தப் பட்டியலில் இல்லாத நாட்டில் 6 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வருவதுபோல் டிக்கெட் போடுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விசா: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் விசா 6 மாதமாவது செல்லுபடியாக இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு பெரு சுற்றுலா விசா தேவையில்லை. இல்லையென்றால் தில்லியில் உள்ள பெரு தூதரகம். டிக்கெட் எடுக்குமுன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாப்பாடு: 'வெஜிடேரியன்' என்று சொன்னால் கோழி போட்ட சோறு வந்துவிடும், அங்கே 'கார்னே' என்றால் மாட்டிறைச்சிதான் முதலில் நினைவுக்கு வரும். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ – இறைச்சி, கோழி, மீன் வேண்டாம். அவரைக்குழம்பில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், கேட்டுவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். 'சிஃபா' என்று பலகை போட்ட சீனக்கடை எல்லா ஊரிலும் உண்டு. அங்கே காய்கறி வறுத்த சோறு கண்ணெதிரே செய்து தருவார்கள். ஆத்தா முட்டை சேர்ப்பதில்லை என்றால் 'சின் உவேவோ' என்பதையும் சேருங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் நன்றாக மூடி ஒட்டியதாக, சுங்கத்தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

மின்சாரம் 220 வோல்ட், நம் சார்ஜர் வேலை செய்யும். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

கானாடுகாத்தான் பயணி

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன ஊசி விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த வாரமே அப்பச்சியை மருத்துவரிடம் காட்டுகிறோம். இப்படிப் போட்டிருக்கிறேன், சரியா பாருங்கள்: வியாழன் தூக்குமே, வெள்ளி காலை சிபான் – மதியம் லம்பாயெகே, சனி ஃபெரெஞாஃபேயும் போமாக்கும், ஞாயிறு பேருந்தில் த்ருஹியோ. குஸ்கோ மலைக்கு இதற்கு முன்னால் போகவா, பின்னால் போகவா?

பள்ளத்தூர் ஏடு

பின்னால். குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும், முதல் இரண்டு நாள் பெரியவர்களுக்குச் சிரமம். சிக்லாயோ கடல் மட்டத்தை ஒட்டியது. பயணக் களைப்பு தீர்ந்து உடம்பு தேறிய பிறகு மலை ஏறட்டும்.

வெள்ளிக்கிழமையில் மட்டும் ஒரு திருத்தம். சிபானிலிருந்து லம்பாயெகே போக சிக்லாயோவுக்குள் வந்துதான் போக வேண்டும். சிபானை 11 மணிக்கு விட்டால், சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்கு அருங்காட்சியகத்தில் இருக்கலாம். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், மூன்று மணிக்குப் போனால் சிலந்தி மாலைக்கு நேரம் இருக்காது. சனிக்கிழமை போமாக் காட்டுக்குப் பங்கு வேனை நம்ப வேண்டாம், காலையிலிருந்து மாலை வரை ஒரு டாக்சியைப் பேசிவிடுங்கள். காட்டுக்குள் ஒரு வாக்காவுக்கும் அடுத்ததற்கும் நடந்து போகிற தூரம் இல்லை.

புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்கு அப்பச்சியைக் கூட்டிப் போய் வாருங்கள். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டி 2023 மார்ச்சில் திறந்தது. இரண்டு மணி நேரம் நின்று நடந்து பார்த்தால் முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும், மடக்கு முக்காலி வாங்க வேண்டுமா என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம்.